அம்பேல்

இரண்டு ராஜா.

சீட்டுகளின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

கோவாவில், ஆற்றில் கட்டிப்போட்ட கப்பலுக்குள் போக்கர் போட்டி. நூற்றுச் சொச்சம் பேர் ஆரம்பித்தது. மிச்சம் நாலு பேர்.

நடுவில் விரிக்கிற ஐந்து சீட்டு பிறகுதான். முதலில் கைக்கு வரும் இரண்டுதான் ஜாதகம். காலையிலிருந்து அவனுக்கு வந்ததெல்லாம் குப்பை. அந்தக் குப்பையை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

இப்போது இரண்டு ராஜா. இதை மிஞ்ச இரண்டு ஏஸ் வேண்டும். வேறு எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. இந்த ஒரு கையை ஜெயித்தால் கோப்பை பக்கத்தில் வந்துவிடும்.

எதிரே தணிகைவேல் பந்தயத்துக்கு வைத்திருந்த தன் சிப்ஸ் வில்லைகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான்.

மற்ற இருவரும் சீட்டை விட்டுவிட்டார்கள்.

தணிகையா!

சின்ன வயதில் அயனாவரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. இந்தப் பயணத்துக்கு டிக்கெட் போட்டவனும் அவன்தான். இரண்டு பேரும் கடைசி மேசை வரை வந்துவிட்டதில் தணிகைக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனாலும் ஆட்டம் ஆட்டம்தானே. அவன் தன் சிப்ஸ் மேல் கை வைத்தான்.

தணிகை கட்டைவிரலைத் தூக்கினான்.

"அம்பேல்டா மச்சி."

சீட்டுப் போடும் டீலர் பெண் நிமிர்ந்தாள். மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்றாள். மற்ற இருவரும் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்கள்.

அவனுக்கு விளங்கியது.

ஓடிப்பிடித்து விளையாடும்போது கட்டைவிரலைத் தூக்கி அம்பேல் சொன்னவனைத் தொடக்கூடாது. அது தெருவுக்கே பொதுவான சட்டம். அவர்கள் இருவருக்குள் மட்டும் கூடுதலாக ஒன்று இருந்தது.

அம்பேல் சொல்லிவிட்டுப் பொய் சொல்லக்கூடாது.

அம்மா சத்தியத்தை எத்தனையோ முறை காற்றில் விட்டிருக்கிறார்கள். இதை விட்டதில்லை.

அப்படியென்றால் தணிகையிடம் இரண்டு ஏஸ். வராதேடா, அடிபட்டுப் போவாய் என்கிறான்.

மனசு கேட்கவில்லை. இருந்தாலும் இரண்டு ராஜாவையும் டீலர் பக்கம் தள்ளினான். கண்ணாலேயே நன்றியும் சொன்னான்.

தணிகை தன் சீட்டுகளை மல்லாத்திப் போட்டான்.

ஏழு.

இரண்டு.

இந்த ஆட்டத்தில் அதைவிடக் கேவலமான கை கிடையாது. மற்ற இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். தணிகைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னுமாடா அத நம்புற?"

துரோகி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விளையாட்டுதானே என்று விழுங்கிக்கொண்டான்.

அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதை விழுங்க முடியவில்லை.

மஸ்கட்டில் இருந்தபோது தணிகையிடமிருந்து வந்த போன்.

"நான் செத்தா கொள்ளி வெக்கக்கூட வராத" என்று வாசலில் நிற்க வைத்துச் சொன்ன அப்பா. அதற்குப் பிறகு அவர் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு அடங்கியபோது பக்கத்தில் இருந்தது தணிகை மட்டும்தான்.

"கடைசியா உன்னதான் கேட்டாரு மச்சி. நீதான் கொள்ளி வெக்கணும்னாரு. அம்பேல்டா."

அதை நம்பித்தான் விமானம் ஏறினான்.

அதை நம்பித்தான் கொள்ளி வைத்தான். இத்தனை வருடம் தூங்கியதும் அதை நம்பித்தான்.

டீலர் பெண் சீட்டுகளை வாரக் கையை நீட்டினாள். அவன் அவற்றின் மேல் தன் உள்ளங்கையை வைத்தான்.

"தணிகை, எங்கப்பா நெஜமாவே என்னக் கேட்டாரா?"

ஆங்கிலத்தில் பேசச் சொல்லி அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள். யார் காதிலும் விழவில்லை.

தணிகையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் ஏழையும் இரண்டையும் மூடியிருந்த கையைப் பார்த்தான். நண்பனின் முகத்தைப் பார்த்தான்.

பிறகு, மெல்ல, கட்டைவிரலைத் தூக்கினான்.