மருந்து அடித்தவள்

"அடுத்து மேடைக்கு வர்றவங்க..." தொகுப்பாளர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "கீரைத் தோட்டத்து வீட்டுச் சின்ன மருமக. வாங்கம்மா!"

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

இவள் எதற்கு மேடையேறுகிறாள்?

கூடம் நிறைந்திருந்தது. பயிர் வைப்பவர்களும் சமைப்பவர்களும் தங்கள் வாழ்க்கையில் நிஜமாக நடந்ததை வந்து சொல்ல வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் பெரியவளிடம் அன்றாடம் கீரை வாங்குகிறவர்கள்.

"உங்க ஓரகத்திதானே? நீங்க பேசிக்கறதில்லன்னு கேள்விப்பட்டேனே?" பக்கத்து நாற்காலி டீச்சர் காதோரம் கேட்டாள்.

"ஒரு வருஷமாச்சு டீச்சர்."

ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

போன மழைக்காலத்தில் தோட்டம் பூராவும் புழு. கணவன் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். கண்ணெதிரே பாத்தி பாத்தியாகக் கீரை சல்லடையாகிக்கொண்டிருந்தது. பெரியவள் யாருக்கும் தெரியாமல் பூச்சிமருந்தை அடித்தாள். பத்து நாளாவது விட்டு அறுக்க வேண்டியதை மறுநாளே அறுத்தாள்.

கீரைக்கட்டுப் போடும்போது வாடையை வைத்துச் சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"வேணாங்க்கா. 'மருந்தில்லாக் கீரை'ன்னு பலகையை மாட்டிட்டு விஷத்தையா விப்பீங்க?"

"நீ வாயை மூடு."

அன்றைக்கு வெடித்த சண்டையில் அடுப்பு இரண்டானது. கீரையும் விற்றுப்போனது. அதைத் தின்ற டீச்சரின் மகள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எதனால் என்று டீச்சருக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் ஒரு மாதமாகச் சந்தையில் ஒரு பேச்சு கசிந்துகொண்டிருந்தது. 'அந்தத் தோட்டத்துல மருந்து அடிக்கறாங்களாம்.' கடைக்கு வந்தவர்கள் கட்டைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சின்னவள்தான் பற்றவைத்திருப்பாள். இன்றைக்கு மைக் வேறு கிடைத்துவிட்டது.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல" என்று சின்னவள் ஆரம்பித்தாள். கண்கள் நேராக மூன்றாவது வரிசைக்கு வந்தன. "சந்தையில பேசிக்கறீங்களே, அது நிஜம்தான். எங்க தோட்டத்துல மருந்து அடிச்சது உண்மை. மறுநாளே அறுத்து வித்ததும் உண்மை."

கூடம் சலசலத்தது.

"எப்போ?" டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"போன வருஷம். பெருமழை விட்ட வாரம்."

டீச்சரின் முகம் வெளிறியது.

"அடிச்சது யாரும்மா? அதைச் சொல்லு!" பின்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார்.

பெரியவள் நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். ஓடிவிடலாமா?

சின்னவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நான்தான்."

பெரியவளுக்குக் காதில் விழுந்தது; புத்தியில் ஏறவில்லை.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கே என்னைத் தள்ளி வெச்சுட்டாங்க. அதான் நாங்க பேசிக்கறதில்ல. அவங்களைச் சந்தேகப்படாதீங்க."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"புள்ளைங்க திங்கற பொருள்ல விஷமா?"

"எறங்கும்மா கீழே!"

சின்னவள் இறங்கவில்லை. தலை குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் பெரியவளின் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். "என் பொண்ணு ரெண்டு நாள் கண்ணே தொறக்கல. பாவி! இவளெல்லாம் ஒரு பொம்பளையா? நல்லவேளை, அந்த வீட்டுல நீங்களாவது இருக்கீங்க."

அந்தக் கை சுட்டது. பெரியவள் மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"டீச்சர்... அடிச்சது..."

மேடையில் சின்னவள் பதறிப்போனாள். கையில் மைக் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"அக்கா, வேணாம்! உக்காருங்க! எனக்குத் தையல் மிஷின் இருக்கு, எப்படியும் பொழைச்சுக்குவேன். உங்களுக்கு அந்தக் கடையை விட்டா என்னக்கா இருக்கு?"

கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் அது கேட்டது.

பெரியவள் உட்காரவில்லை.

"அடிச்சது நான் டீச்சர். வேணாம்னு என்னைத் தடுத்தவதான் அங்க நின்னு திட்டு வாங்கறா."