சீமைக்கு ஒரு டிரில் மாஸ்டர்

இதில் ஒரு சொல் பொய்யானாலும், சொல்கிறவன் தலைமுடி ஓர் இழை விடாமல் உதிர்ந்து போகட்டும். ஏழுமலையான் சாட்சி.

திருமலையில் தணிகாசலத்தின் சுருட்டை முடி கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தோதாத்ரி மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்தார். மழிக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் தவறிப் போனது என்று தெலுங்கில் விசாரித்தார்.

யாரும் தவறவில்லை. தோதாத்ரிக்குச் சிரிப்பை அடக்கினால் கண்ணில் தண்ணீர் வரும்.

எல்லைக்கோடு மாறிச் சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த இரண்டாம் வருஷம் அது. விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் முறையைப் படித்து வர, ஜில்லாவிலிருந்து ஒரு டிரில் மாஸ்டரை ஆறு மாதம் சீமைக்கு அனுப்பச் சர்க்கார் முடிவு செய்திருந்தது. திரும்பி வருகிறவர் ஜில்லா டிரில் மாஸ்டர்களுக்கெல்லாம் தலைவர். மற்றவர்கள் அவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும்.

சித்தூரில் நடந்த தேர்வில், சத்தியவேட்டுத் தணிகாசலத்திடம் உங்கள் ஊர் எந்த ராஜ்யம் என்று கேட்டார்கள். இன்றைக்கு ஆந்திரா, நாளைக்கு எல்லைக்கோடு போடுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். சடுகுடுவில் முதல் பாடம் என்ன என்று கேட்டார்கள்.

"பாடிக்கினு வர்றவனை அவசரப்பட்டுப் பிடிக்காதே. நல்லா உள்ள வரவிடு."

அவருக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். திருப்பதித் தோதாத்ரிக்கு இரண்டாமிடம். இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. ஆனால் முதலாமவர் துறைமுகத்தில் ஆபீசர் முன் நின்று இடத்தை விட்டுக்கொடுத்தால்தான் இரண்டாமவர் கப்பலேறலாம் என்று உத்தரவு சொன்னது.

சத்தியவேட்டுக்காரருக்கு சல்யூட் அடிப்பதை நினைத்தாலே தோதாத்ரியின் வலது கை மரத்துப் போயிற்று. உத்தரவை ஏழு முறை படித்தார். எட்டாம் முறை பஸ் ஏறிச் சத்தியவேட்டுக்கே போய்விட்டார்.

சீமையிலிருந்து திரும்பியதும் முடி இறக்குவதாகத் தணிகாசலம் வேண்டிக்கொண்டிருந்தார். தோதாத்ரி உதட்டைப் பிதுக்கினார்.

"நேர்த்தியைப் பாக்கி வெச்சுண்டு கடல் தாண்டினா கப்பல் தாங்குமோ, ஓய்?"

கோயில் கைங்கரியக் குடும்பத்து மனிதர் சொன்னால் தட்ட முடியுமா? தலையோடு முறுக்கு மீசையும் போயிற்று. பாஸ்போர்ட் படத்தில் மட்டும் இரண்டும் பத்திரமாக இருந்தன.

தோதாத்ரியின் திட்டத்தில் ஓட்டை இல்லை. படமும் முகமும் ஒட்டாது, ஆளைத் திருப்பிவிடுவார்கள், அந்த வெகுளி அழுதுகொண்டே இடத்தைத் தமக்கு விட்டுவிடுவார். வழியனுப்பும் சாக்கில் மெட்ராஸ் வரை கூடவே போனார். தணிகாசலத்தின் தகரப் பெட்டியைத் தாமே தோளில் சுமந்தார். இன்னொரு கையில் இருந்த பெட்டியில் புளியோதரை என்றார். அதில் இருந்தது அவருடைய ஆறு மாதத் துணி.

துறைமுகத்தில் ஆபீசர் படத்தைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தணிகாசலம் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். நடுக்கத்தில் அதுவும் வேறு யாரோ போட்டது போல விழுந்தது. ஆனால் ஆபீசருக்கு இரக்க சுபாவம். தோதாத்ரி அதை எதிர்பார்க்கவில்லை.

"உங்க ராஜ்யத்து வாத்தியார் ஒருத்தர் இவர்தான்னு சொன்னாப் போதும், ஏத்திவிட்டுடறேன்."

தணிகாசலம் முகம் மலர்ந்து தோதாத்ரியைக் கைகாட்டினார்.

"இவரை நான் பார்த்ததே இல்லை, சார்."

தணிகாசலம் அவர் வாயையே பார்த்துவிட்டு, போய்த் தன் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

தோதாத்ரி தம்முடைய பாஸ்போர்ட்டையும் உத்தரவையும் நீட்டினார். ஆபீசர் கடைசி வரி வரை படித்தார். முதலாமவர் வந்து விட்டுக்கொடுக்க வேண்டுமே, அந்தத் தணிகாசலம் எங்கே என்று கேட்டார்.

கப்பல் சங்கு ஊதியது. தோதாத்ரிக்கு அப்போதுதான் புரிந்தது. விட்டுக்கொடுக்க வேண்டிய ஆளை ஒரு நிமிஷம் முன்னால்தான் அவரே இல்லாமல் செய்திருந்தார்.

பெட்டி அருகே போய்க் குந்தினார்.

"நீர்தான் தணிகாசலம்னு சொல்லிடறேன். உடனே எனக்கு விட்டுக்கொடுத்துடும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது போகணும், ஓய். அடுத்த வருஷம் உம்மைத்தான் அனுப்பச் சொல்வேன். பெருமாள் மேல ஆணை."

தணிகாசலம் மொட்டையைத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

"சரி, வா சாமி."

தோதாத்ரி ஆபீசரிடம் ஓடினார். மொட்டையில் வெயில் பட்டுக் கண் கூசியதால் அடையாளம் தெரியவில்லை என்றும், இவர் சாட்சாத் தணிகாசலமேதான் என்றும் சொன்னார். கேட்டபடி எழுதியும் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். ஆபீசர் தணிகாசலத்தின் பாஸ்போர்ட்டில் முத்திரையைக் குத்தி அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க இவருக்கு இடத்தை விட்டுத் தர்றீங்களா?"

தணிகாசலம் தோதாத்ரியை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரா? யாருன்னே தெரியலியே சார். பொட்டி தூக்கிக்கினு வந்தாரு."

சொல்கிறவன் தலை இருபத்திரண்டு வயதிலேயே வழுக்கை.