நடுவில் ஒரு வெட்டு

"இந்தப் படத்த நட்டநடுவில ரெண்டா வெட்டும், வே."

முத்துநாயகம் சொன்னதைக் கேட்டு ததேயுஸுக்குக் கை ஓடவில்லை. நாகர்கோவிலில் அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்த நாள் முதல் முகப்பருவை மறைக்கச் சொல்லி வந்தவர்கள் உண்டு. வழுக்கையில் முடி வரையச் சொல்லி வந்தவர்கள் உண்டு. கூடப்பிறந்த தம்பியை வெட்டச் சொல்லி யாரும் வந்ததில்லை.

படம் கன்னியாகுமரியில் எடுத்தது. முத்துநாயகத்தின் தங்கை தேவகனி கொழும்பிலிருந்து ஒரு பெட்டிக் கேமராவோடு ஊருக்கு வந்திருந்தாள். இரண்டு அண்ணன்மார் குடும்பத்தையும் ஒரே நாளில் கடற்கரைக்குக் கிளப்பியது அவள்தான். அவித்த மரச்சீனிக் கிழங்கு, மீன்கறி, பிள்ளைகள் கூச்சல். வண்டி மட்டும் தனித்தனி.

ஏனென்றால் மூத்தவர் முத்துநாயகத்துக்கும் இளையவர் ஜான்ரோஸுக்கும் வருசக்கணக்காகப் பேச்சில்லை. சபைக் கோயிலுக்கு மணி வாங்க வேண்டும் என்றார் அண்ணன். ஆர்மோனியம்தான் வேண்டும் என்றார் தம்பி. கடைசியில் சபை இரண்டையும் வாங்கவில்லை. சண்டைதான் மிச்சம்.

தேவகனி கெஞ்சிக் கூத்தாடி இருவரையும் கடலுக்கு முன்னால் நிறுத்தினாள். நின்றார்கள். ஆனால் வலதுபக்கம் நின்ற அண்ணன் மேற்கே பார்த்தார். இடதுபக்கம் நின்ற தம்பி கிழக்கே பார்த்தார். இரண்டு முதுகுக்கும் நடுவில் மாட்டுவண்டியே போகலாம். அப்படியே படமாகிவிட்டது.

மற்ற படங்களையெல்லாம் ததேயுஸ் சரிசெய்துவிட்டார். பிள்ளைகள் அலையில் குதிக்கிற படத்தில் ஓரமாக நுழைந்த ஆட்டைக் கத்தரித்து நீக்கினார். தேவகனியின் மதினி ஒருத்தியின் முகத்தில் விழுந்த குடை நிழலை, நெகட்டிவில் பென்சில் ஓட்டி வெளுப்பாக்கினார். இந்த ஒரு படத்துக்குத்தான் அவருக்கு வழி தெரியவில்லை.

"இது இப்படியே இருக்கட்டு. எனக்க அண்ணன்மாரு ஒரே படத்தில நிக்குகதே பெரிசு. பெரிசாப் போட்டுத் தாரும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் தேவகனி.

அதைத்தான் இவர் வெட்டச் சொல்கிறார்.

"அண்ணாச்சி, ஆலோசிச்சுச் சொல்லும். கூடப்பிறந்த பிறப்பு, ரெத்த பந்தம்..."

"நீரு போட்டோக்காரரா, உபதேசியாரா?"

"தங்கச்சி கேட்டா நான் என்ன சொல்ல?"

"நான் வந்து வெட்டச் சொன்னேன்னு சொல்லும். எனக்கென்ன பயம்? கத்திரி இருக்கா, இல்ல கடையில போய் வாங்கிட்டு வரட்டா?"

ததேயுஸ் மனசுக்குள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு கத்திரியை எடுத்தார். அது சரியாகக் கடலின் நடுவில் இறங்கியது. முத்துநாயகம் இரண்டு துண்டையும் மேசைமேல் வைத்து, குனிந்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து தேவகனி வந்தாள். கூடவே ஜான்ரோஸும் வந்தார். கப்பலேறப் போகிற தங்கைக்கு நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்க அவளோடு கிளம்பியவர்.

"எனக்க படம் ஆச்சா?"

ததேயுஸ் கத்திரியை மேசைக்குள் தள்ளினார். "உங்க பெரியண்ணன் வந்திருந்தாரு."

"வந்து?"

"அந்தப் படத்த நடுவில வெட்டச் சொன்னாரு. வெட்டியாச்சு."

தேவகனி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. ஜான்ரோஸுக்கு முகம் சிவந்தது.

"பாத்தியா மக்கா? ஒரு காயிதத்தில கூட என்னச் சேத்து வைக்க அவனுக்கு மனசில்ல! அவன்கூட நிக்கணும்னு என்னக் கெஞ்சினியே!"

"நான் சொல்லுகத முழுசும் கேளும்..."

"என்னத்தக் கேக்க? எனக்க துண்ட எடும். நான் கொண்டுபோறேன்."

"துண்டு இல்ல. ஒட்டியாச்சு."

ததேயுஸ் உறையிலிருந்து பெரிய படத்தை எடுத்து நீட்டினார். ஒட்டுத் தெரியாமல் மை தொட்டு மறைத்து, மறுபடியும் படம் பிடித்துப் பெரிதாக்கியிருந்தார்.

அதே கடல். அதே இரண்டு பேர். ஆனால் வலதுபக்கம் நின்ற அண்ணன் இடதுபக்கம் வந்திருந்தார். இடதுபக்கம் நின்ற தம்பி வலதுபக்கம் போயிருந்தார். ஆளுக்கொரு திக்கைப் பார்த்தவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் பேசுவது என்பதுதான் பாக்கி என்பது போல.

எட்டிப் பார்த்த தேவகனிக்கு அழுத கண்ணோடேயே சிரிப்பு பொங்கிவிட்டது. "சின்னண்ணே! இதப் பாரேன், நீங்க ரெண்டுபேரும்!"

ஜான்ரோஸ் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"அண்ணனுக்கு மீசையெல்லாம் நரச்சிட்டே," என்றார். குரல் இறங்கியிருந்தது. பிறகு கேட்டார், "இது உமக்க யோசனையா, வே?"

ததேயுஸ் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு ஏது அவ்வளவு புத்தி? நானும் உம்மள மாதிரித்தான் அவரத் தப்பா நெனச்சேன். எடம் மாத்தி ஒட்டச் சொன்னதும் அவருதான். ஆனா அத உங்ககிட்ட சொல்லப்பிடாதாம். வெட்டினது அவரு சொல்லி. மாறி ஒட்டினது எனக்க கைத்தவறு. அப்படித்தான் சொல்லணும்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு."

ஜான்ரோஸ் படத்தை உறையில் பத்திரமாகப் போட்டார். தங்கையின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வா மக்கா. பெட்டி சாயங்காலம் வாங்கலாம். மொதல்ல அண்ணன் வீட்டுக்குப் போவோம்."

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாண்டாம், வே. நீரு சொன்னத நான் காட்டிக்கிட மாட்டேன். அண்ணன் கேட்டா, வழி தவறி வந்துட்டேன்னு சொல்லிக்கிடுகேன்."