அவசரமில்லாத அக்கா

"இப்ப யோசிச்சுக்கிட்டே நின்னா, அப்புறம் கதவுக்கு வெளியே நின்னுதான் கேக்கணும் அக்கா. உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு, நோட்டீஸ் ஒட்டிய சுவரில் ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டான் டபுள். அரங்கத்தின் பக்கவாட்டு கேட்டுக்கு எதிரே இருந்த அந்தச் சுவர்தான் அவனுக்குக் கடை, அலுவலகம் எல்லாம். டபுள் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ஒன்றுக்கு இரண்டாக டிக்கெட் விற்ற காலத்தில் வைத்தது. இப்போது அவன் விற்பது ஒன்றுக்கு நாலு. பெயர் மட்டும் பழைய விலையிலேயே நின்றுவிட்டது.

இந்தத் தடவை டிக்கெட் பிடிப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று கச்சேரிக்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவன்? மாமியார், மச்சினி, காது கேட்காத பெரியப்பா என்று குடும்பத்தையே வரிசையில் நிறுத்தி ஒரு கட்டு டிக்கெட்டை அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். மகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கென்று மனைவி சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் இப்போது அவன் சட்டைப் பையில் டிக்கெட்டாக இருந்தது. யார் பாடுகிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாத சங்கதி.

எதிரே நின்ற அக்காவோ அசைவதாக இல்லை. நாற்பது வயதிருக்கும். சாயம் போன சட்டை, தேய்ந்த செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. அதிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தாள். குரலை உயர்த்தாமல் மெதுவாகத்தான் பேசினாள். அதுவே டபுளுக்கு எரிச்சலாக இருந்தது.

"டிக்கெட்ல என்ன விலை போட்டிருக்கோ அதுக்குக் குடுங்க தம்பி. எனக்கு மட்டும் இல்ல, இங்க நிக்கற எல்லாருக்கும்."

டபுள் கேலியாகச் சிரித்தான். சுற்றிலும் டிக்கெட் கிடைக்காதவர்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். நாலு மடங்கு கொடுக்கத் தயாராக, பர்ஸைத் திறந்துகொண்டு ஒரு கல்லூரிப் பெண் முன்னால் வந்தாள். அக்கா அவள் தோளில் கை வைத்து, பொறும்மா, விலை தானா இறங்கும் என்றாள். திரும்பிப் பார்த்த அந்தப் பெண் சட்டென்று பர்ஸை மூடிவிட்டாள். பிறகு பக்கத்தில் நின்ற பையனின் காதில் ஏதோ ஓதினாள். அவன் டபுளின் தலைக்கு மேலே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். காக்கா ஏதாவது எச்சம் போட்டுவிட்டதோ என்று டபுள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒருவர்கூட வாங்க வரவில்லை.

மூன்று மடங்குக்கு இறங்கினான். கூட்டம் அப்படியே நின்றது. இரண்டு மடங்குக்கு வந்து, இதுதான் என் பெயருக்குப் பொருத்தமான விலை என்று தானே ஒரு ஜோக்கும் அடித்தான். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்கு மட்டும் அடக்க விலைக்கே ஒன்று தருவதாகவும், மற்றவர்களைக் கெடுக்காமல் உள்ளே போய்விடும்படியும் கெஞ்சினான்.

"ஒத்தைக் காசுகூட அதிகமா வெச்சு ஒரு டிக்கெட்டும் போகக் கூடாது. எல்லாம் போட்ட விலைக்கே போற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

"கச்சேரி போயிடுமேக்கா. உங்களுக்கு அவசரமே இல்லையா?"

"இல்ல."

இப்படி ஒரு பிடிவாதத்தை அவன் தன் தொழிலில் பார்த்ததே இல்லை. நேரம் நெருங்க நெருங்க ரசிகர்கள் தவிப்பார்கள். அந்தத் தவிப்புதான் அவனுக்கு லாபம். இன்றைக்குத் தவிப்பது அவன். கச்சேரி தொடங்கிவிட்டால் பையில் இருப்பது வெறும் காகிதம். மகளுடைய பள்ளிக்கூடம் கண் முன்னால் வந்து நின்றது. வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அக்கா செல்போனை எடுத்து ஏதோ தட்டி அனுப்பிவிட்டு, மறுபடியும் ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து டிரம்ஸ் அதிர்ந்தது.

கச்சேரி தொடங்கியே விட்டது என்று டபுள் பதறினான். அச்சடித்த விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டைப் பிரித்தான். அதுவரை கல்லாக நின்ற கூட்டம் ஒழுங்காக வரிசையில் வந்து வாங்கிக்கொண்டது. வாங்கிய எல்லாரும் அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு கேட்டுக்குள் ஓடினார்கள். டிக்கெட்டைக் கொடுத்தது நான், நன்றி அவளுக்கா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரம்ஸ் ஓய்ந்தபோது கையில் ஒரே ஒரு டிக்கெட் மிஞ்சியிருந்தது. லாபம்தான் இல்லையே தவிர, போட்டது அநேகமாக வந்துவிட்டது. டபுள் பெருமூச்சு விட்டான். கோபம் வடிந்ததும், ஊருக்கெல்லாம் பேரம் பேசிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறவளைப் பார்க்க அவனுக்கே பாவமாகிவிட்டது.

"இந்தாங்கக்கா, காசு வேணாம். ஓடுங்க, தொடங்கிட்டாங்க."

"இன்னும் தொடங்கலை தம்பி. டிரம்ஸை நான்தான் தட்டச் சொன்னேன். அதை நீங்களே வெச்சுக்கிட்டு உள்ள வந்து கேளுங்க." ஃபிளாஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டை ஒட்டியிருந்த, பாட்டுக்காரர்கள் மட்டும் போகிற சின்னக் கதவைத் திறந்து அவள் உள்ளே போனாள்.

டபுள் அன்றைக்கு முதல் தடவையாகச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். சாயங்காலம் முழுக்க அவன் சாய்ந்து நின்ற நோட்டீஸில், கையில் மைக்கோடு அந்த அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.