பாறையில் மூன்று அம்பு

"மேடம், இதுதாங்க அந்தக் குறி!" என்றான் மாது.

"அவன் பேச்சைக் கேக்காதீங்க. இங்க வாங்க, இதுதான்!" பாறையின் மறுபக்கத்திலிருந்து காசியம்மாள் கூப்பிட்டாள்.

"ரெண்டும் இல்லைங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து நான் பாக்கறது இதைத்தான்." உச்சியில் நின்று கையாட்டினார் தீர்த்தகிரி.

சர்வேயர் சுகுணாவுக்குத் தலை சுற்றியது.

அரூர் வட்டாரத்தில் உள்ள பழைய பெஞ்ச்மார்க்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. கடல் மட்டத்திலிருந்து இந்த இடம் இவ்வளவு உயரம் என்று அந்தக் காலத்தில் அளந்து, கல்லில் வெட்டி வைத்த அடையாளங்கள். ஒரு கோடு, அதைத் தொடுகிற மாதிரி ஓர் அம்பு. பதிவேட்டின்படி இந்தப் பாறையில் ஒரே ஒரு குறிதான். 'புளியமரத்திலிருந்து அறுபது அடி' என்று இடமும் போட்டிருந்தது. புளியமரத்தைத்தான் காணோம்.

இங்கே மூன்று குறிகள். போதாததற்கு இன்னோர் இடத்தில் உளியால் கொத்திச் சிதைத்த வடு.

"இது என்னங்க?" என்று வடுவைக் காட்டிக் கேட்டாள்.

மாது அவளை மறுபடியும் தன் குறிக்கே கூட்டிக்கொண்டு போனான்.

சுகுணா குனிந்து முதல் குறியை விரலால் தடவினாள். வெள்ளை மாவு ஒட்டியது.

"இது போன வாரம் வெட்டினது மாதிரி இருக்கு. அதுவும் அம்பு தலைகீழா இருக்குது, மாது."

மாது தலையைச் சொறிந்தான். காசியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாம் நாங்களே வெட்டுனதுதாங்க. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வெட்டிட்டோம். நெஜக் குறி அதோ, அந்த வடு இருக்குதே, அதுதான். இந்தப் பாறைக்கு அடியிலதாங்க எங்க சுனை. நாப்பது வூட்டுக்கும் குடிக்க அந்தத் தண்ணிதான். பாறையை வெடி வெச்சு எடுக்கக் குவாரிக்காரரு மனு போட்டிருக்காரு. சர்க்கார் குறி இருக்குதுன்னுதான் அந்த ஃபைல் நிக்குது. இல்லைன்னு நீங்க எழுதிட்டா..."

"யார் அழிச்சது?"

"அப்துல் சுபான்னு ஒருத்தன்," என்றார் தீர்த்தகிரி. "குவாரியில கல்லு உடைக்கறவன். இந்த ஊர்க்காரன்தான், இந்தச் சுனைத் தண்ணியைக் குடிச்சவன்தான். குவாரிக்காரரு சேர் போட்டு உக்காந்திருக்க, ஊரே பாத்துக்கிட்டு நிக்க, கொத்தி எடுத்துட்டான்."

"அன்னிலேர்ந்து அவன் வூட்டோட யாரும் பேசறதில்லைங்க," என்றாள் காசியம்மாள். "அவன் பொண்டாட்டி சுல்தானா தண்ணிக்கு வந்தா, நாங்க குடத்தைத் தூக்கிட்டு நகந்துடுவோம்."

ரோட்டுப் பாலத்துச் சுவரில் அடுத்த பெஞ்ச்மார்க் நல்லபடியாக இருந்தது. உதவியாளர் குமாரை அளவுகோல் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து உயரம் அளந்துகொண்டே வந்தாள் சுகுணா.

மூன்று குறிகளும் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வடு இருந்த இடமும் ஒத்துப்போகவில்லை. முக்கால் அடி தாழ்வு.

கருவியில் கோளாறா? பாலத்துக் குறி இறங்கிவிட்டதா? மறுபடியும் முதலிலிருந்து அளந்தாள். அதே முக்கால் அடி. ஒன்றும் புரியவில்லை.

"இருக்குதுன்னு எழுதிடுங்க மேடம், புண்ணியமாப் போகும்," என்றாள் காசியம்மாள்.

"இல்லாததை எப்படிம்மா இருக்குதுன்னு எழுதறது?"

அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜீப்பில் ஏறினாள்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். தாடி, லுங்கி எல்லாம் கல்தூள்.

"ரிப்போர்ட் எழுதிட்டீங்களா மேடம்? நான் அப்துல் சுபான்."

சுகுணாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன, அழிஞ்சுபோச்சுன்னு உங்க முதலாளிக்கு ஒரு காப்பி வேணுமா?"

சுபான் ஊர்ப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் நடந்து வரீங்களா? அந்தக் கருவியையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

பாறையின் பின்பக்கம், உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தார். ஓர் இடத்தில் காய்ந்து கிடந்த களிமண்ணை நகத்தால் சுரண்டினார். ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் அம்பு. வெயிலிலும் மழையிலும் ஓரங்கள் மழுங்கி, பாறையின் நிறமே ஏறிப்போன வெட்டு.

குமார் அளவுகோலை வைத்தான். சுகுணா கருவிக்குள் பார்த்தாள். பதிவேட்டைப் பார்த்தாள். மறுபடியும் கருவிக்குள் பார்த்தாள்.

ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை.

"முப்பது வருஷமா இந்தப் பாறைங்களோடதாங்க பொழப்பு," என்றார் சுபான். "சர்க்கார் வெட்டு எதுன்னு எனக்குத் தெரியும். ஊர்ல யாரும் இந்தப் புதருக்குள்ள வந்ததே இல்லை."

"இதை நீங்க ஊர்ல சொல்லியிருக்கலாமே! உங்க வீட்டம்மாவைச் சுனையில எப்படி நடத்தறாங்கன்னு..."

"தெரியும்ங்க. அவகிட்டயும் நான் சொல்லலை." சுரண்டி எடுத்த களிமண்ணை அவர் விரலால் பொடித்தார். "ஒரு ஆளுக்குச் சொன்னா மறுநாளே குவாரிக்காரரு காதுக்குப் போயிடும். மொதல்ல நீங்க போட்டோ எடுத்து அனுப்பிடுங்க மேடம். அப்புறம் ஊருக்குத் தெரியட்டும்."

சுகுணா படம் எடுத்து, அங்கேயே நின்று படிவத்தை நிரப்பினாள். நிலை: நன்று. இடம், உயரம், தேதி. கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை.

"அப்போ, ஊரே பாக்கக் கொத்தி எடுத்தீங்களே, அது என்ன?"

"அதுங்களா?" சுபான் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அது முந்தின நாள் ராத்திரி நானே வெட்டுனதுங்க."