சூப்பர் மார்க்கெட்டுக்குத் தடை

“ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டையே நம்ம வீட்டுக்கு நடக்க வச்சுக் கூட்டியாரேன், பாரு!” என்று மீசையை முறுக்கினார் ராஜபாளையம் தேவஇரக்கம்.

“கோர்ட்டுக்குக் காலா இருக்கு?” என்று சிரித்தாள் மனைவி அன்னாள்.

பக்கத்து மனையில் சூப்பர் மார்க்கெட் எழும்பினால் அவளுடைய அடுப்படிக்குக் காற்றே வராது. அந்த மனைக்காரர் நடுவிலிருந்த பொதுப்பாதையை வளைத்துவிட்டார் என்று தேவஇரக்கம் வழக்குப் போட்டிருந்தார்.

கோர்ட்டு அனுப்பிய வக்கீல் கமிஷனர், இடத்தை அளக்கச் சர்வேயரோடு வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்கப் பாதி ராஜபாளையத்தையே திரட்டியிருந்தார் தேவஇரக்கம். டேப் மனையை முழுசாக அளந்துவிட்டு, பின்வாசல் வழியே அன்னாளின் அடுப்படிக்குள் நுழைந்தது.

“பக்கத்து மனை சரியாத்தான் இருக்கு. பொதுப்பாதை இந்த அடுப்படிக்குக் கீழதான் கிடக்கு,” என்றார் சர்வேயர்.

தேவஇரக்கத்தின் மீசை தொங்கிப்போனது. கரண்டியோடு நின்ற அன்னாள் மெல்லச் சொன்னாள்:

“ஒத்துக்கிடுதேன். கோர்ட்டு நடந்தே வந்துட்டு... என் அடுப்பு வரைக்கும்.”