தலைவர் குடியிருந்த வீடு

"ஒரு வாரத்துல காலி பண்ணிடுங்கம்மா. தலைவர் மந்திரியா இருந்தும் கடைசிவரைக்கும் வாடகைக்கு இருந்த வீடு இது. நினைவில்லம் ஆக்கப் போறோம்" என்றார் அதிகாரி.

அந்த அம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நான் எங்கே சார் போவேன்?"

"உங்களை நடுத்தெருவுல விட்டுட்டா தலைவர் எங்களைச் சும்மா விடுவாரா? காலி பண்றவங்களுக்கு அரசு வீடு உண்டும்மா." அவரே விண்ணப்பத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். "அப்பா பேரு?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அதிகாரி பதறி எழுந்தார். "தலைவரோட மகளா நீங்க!"

பிறகு விண்ணப்பத்தை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. மந்திரிங்க பிள்ளைகளுக்கு அரசு வீடு கூடாதுன்னு தலைவரே சட்டம் போட்டிருக்கார்."

"தெரியும் சார். அவர் சொல்லச் சொல்ல அதை எழுதிக் குடுத்ததே நான்தான்."